வளையல் தோரணம் – கடிதம்

வணக்கமுங்கண்ணா,

நான் கோபிப் பக்கமுங்க. அரையாண்டு லீவுக்குப் பசங்க ரெண்டு பேரும் ஊட்டுலதான் இருக்காங்க. எதிர்வீட்டுல கிறிஸ்துமஸ் மரம் வெச்சுக் கண்ணாடிக் குண்டா தொங்கவிட்டிருக்காங்க. அதைப் பார்த்துட்டு, நம்மளும் கையாலயே கண்ணாடியில ஏதாச்சும் செய்யலாம்னு ஒரே புடிவாதம். சின்ன வயசுல வளையல் துண்டைத் தீயில காட்டி வளைச்சுக் கோத்தது ஞாபகம் வந்துச்சு. கேஸ் அடுப்புல காட்டினேன். படீர்னு தெறிச்சு, சில்லு கை மேலயே பட்டுது. மாமியார் வேற, "ஒடைஞ்ச வளையலை ஊட்டுக்குள்ள வெக்கறதே ஆகாது, இதுல வெளையாட்டா"ங்கறாங்க. விட்டுடறதுங்களா?

– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள தங்கைக்கு,

விட்டுவிடாதீர்கள். உங்கள் கையில் குறையில்லை, தீதான் அதிகம். கண்ணாடி சூட்டை மெதுவாகத்தான் உள்ளே வாங்கும். கேஸ் தீயில் நேராக நீட்டினால் மேல்பக்கம் விரிந்துவிடும், உள்பக்கம் குளிர்ந்தே கிடக்கும். அந்த இழுபறியில்தான் தெறிக்கிறது.

இதற்கு மெழுகுவத்தி போதும். மெல்லிய வளையலாக எடுங்கள். துண்டின் இரண்டு முனையையும் குறடுகளால் பிடித்து, தீக்கு ஒரு சாண் மேலே காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். கரி படியும், ஆறியபின் துடைத்தால் போய்விடும். நடுப்பகுதி சிவந்து இளகும்போது முனைகளை மெல்ல நெருக்கினால் வெல்லப்பாகு போல மடங்கும். முழுதாக மூடுவதற்குள் முந்தைய கண்ணியை, அதாவது முன்பு வளைத்த வளையத்தை, மாட்டிக்கொள்ள வேண்டும்; அப்படித்தான் சங்கிலியாகச் சேரும். ஆற வைப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். ஈரத் தரையில் வைத்த துண்டு மறுநாள்கூடக் கீறல் விடும். வாணலியில் மணலைச் சூடாக்கி அதில் புதைத்துவிடுங்கள், மணலோடு சேர்ந்தே ஆறட்டும்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, உடம்புக்குப் பருத்தித் துணி. தீப்பக்கம் நீங்கள் மட்டும் உட்காருங்கள். மழுங்கிய துண்டுகளாகப் பார்த்து நிறம் பிரிக்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். பிளாஸ்டிக் வளையல் கலந்திருந்தால் எடுத்துவிடுங்கள், தீப்பிடிக்கும். பழைய டியூப்லைட்டை மட்டும் உடைத்துவிடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது.

எதிர்வீட்டுக் குண்டின் கதையும் தீயின் கதைதான். ஜெர்மனியில் துரிங்கியக் காட்டுக்குள் லௌஷா என்றொரு மலையூர். 1597 முதல் அங்கே கண்ணாடி உலை எரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கேதான் கிறிஸ்துமஸ் குண்டு ஊதத் தொடங்கினார்கள். வீட்டுக்குள்ளேயே விளக்குத் தீ முன்னால் உட்கார்ந்து ஒருவர் ஊத, உள்ளே வெள்ளி நீர் ஊற்றிக் குலுக்கிப் பளபளப்பாக்குவது, சாயம் பூசுவது என்று குடும்பமே கை கொடுக்கும் தொழில். 1867இல் ஊருக்கு எரிவாயு வந்தது. சூடு கூடியது, கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. பிறகுதான் பெரிதாக, மெல்லிசாக ஊத முடிந்தது. அந்த வெள்ளி நீர் சில்வர் நைட்ரேட் கரைசல். அதுவும் ஊதுவதும் நம் வீட்டு வேலை இல்லை. தீயை அளந்து கொடுப்பதை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வோம்.

உங்கள் வளையலும் ஏற்கெனவே ஒருவர் வீட்டுத் தீயைப் பார்த்து வந்ததுதான். உத்தரப் பிரதேசத்து வளையல் ஊரான ஃபிரோசாபாத்தில் உருகிய கண்ணாடியை உருளையில் சுருளாகச் சுற்றி, சுருளை நீளவாக்கில் அறுத்து வளையங்களாகப் பிரிப்பார்கள். வாய் பிளந்த அந்த வளையங்கள் வீடு வீடாகப் போகும். பெண்கள் சிறு தீயில் காட்டி முனைகளை ஒட்டுவார்கள். வளையலை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், ஓரிடத்தில் மிகச் சின்னத் தழும்பு தெரியும்.

மாமியார் சொல்வதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். எங்கள் அம்மாயிக்கும் (அம்மாவின் அம்மா) அந்த நம்பிக்கை உண்டு, ஆனால் அவர் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய வளையல் துண்டு சேர்த்து வைத்திருந்தார். அப்பச்சி (தாத்தா) போன பிறகு அம்மாயி கையில் கண்ணாடி வளையல் ஏறவில்லை. பேத்திகள் தேர்க்கடையில் வாங்கிப் போட்டு உடைத்ததெல்லாம் அந்தப் பாட்டிலுக்குள் போகும். மார்கழி ராத்திரியில் சிமினி விளக்கின் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வளைப்பார். பச்சையும் சிவப்பும் மாறி மாறி வரும், நடுவே எப்போதாவது ஒரு கத்திரிப்பூக் கண்ணி. கரி துடைத்த விரலைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்திருப்பார். கைக்கு ஆகாது என்று ஊர் சொன்ன நிறமெல்லாம் அவர் விரலில்தான் இருந்தது. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கும்.

போகியன்று பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் வைத்துக் காப்புக் கட்டும்போது, வாசலுக்கு மேலே அந்தத் தோரணத்தையும் தொங்கவிடுவார். காற்றடித்தால் கிணுகிணுவென்று சத்தம் வரும்.

பாரியூர் அம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்கு எப்படியும் போவீர்கள். வளையல் கடைக்காரரிடம் உடைந்தவற்றைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் உடைந்தது வேண்டாமென்றால் கடையில் உடைந்ததை மாமியார் ஒத்துக்கொள்ளக்கூடும். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்பதை அவரையே சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்