சவானா உடும்பு அசையாமல் கிடப்பது சாந்தமா?

கேள்வி: இரண்டு வயது சவானா உடும்பு ஒன்றை உரிமத்தோடு வளர்க்கிறேன். நான்கடிக் கண்ணாடித் தொட்டி, மேலே கம்பிவலை, ஒரு பல்பு, தரைக்குச் செய்தித்தாள். உணவு சுண்டெலிதான். இப்போது வயிறு தரையில் உரசுகிறது, நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறது. சாந்த குணம் என்று விட்டுவிடலாமா, உணவைக் குறைக்கவா?

பதில்: சாந்தமாக இருக்க வாய்ப்புக் குறைவு. நீங்கள் சொல்லும் அமைப்பில் உடும்புக்குப் போதிய சூடும் இல்லை, ஈரமும் இல்லை. உணவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சூடு குறைவாக இருந்தால் எதைத் தின்றாலும் ஒழுங்காகச் செரிக்காது.

பல்புக்கு அடியில் அது வெயில் காயும் இடத்தின் மேற்பரப்பு 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பயப்படாதீர்கள், உடம்பு சூடேறியதும் தானே விலகிப்போகும். ஆனால் விலகிப்போக இடம் வேண்டுமே! அந்தப் பக்கத்துக் காற்று 32 முதல் 35, எதிர்முனை 25 டிகிரி வாக்கில் இருக்கட்டும். ஒற்றை பல்பு முதுகில் ஒரு வட்டத்தை மட்டும் சுடும். மற்ற உடம்பு குளிர்ந்தே இருப்பதால் உடும்பு நகராமல் கிடக்கும், அந்த இடத்துத் தோல் வெந்துபோகும். குறைந்த வாட்டில் இரண்டு மூன்று ஹாலோஜன் விளக்குகளை வரிசையாக மாட்டினால் தலையிலிருந்து வாலடி வரை சூடு பரவும். கண்ணாடியில் ஒட்டும் வெப்பமானியை நம்பாதீர்கள். மேற்பரப்பை அளக்க அகச்சிவப்பு வெப்பமானிதான் சரி. புறஊதா விளக்கும் தேவை. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

அடுத்தது மண். இந்த உடும்பு காட்டில் வளைக்குள் பதுங்கும் பிராணி. வளைக்குள் ஈரம் நிற்கும். உங்கள் கம்பிவலை வழியாக இருக்கிற ஈரமும் போய்விடுகிறது. ஊர்வன கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுபவை. நீர்ச்சத்து தொடர்ந்து குறைந்தால் சிறுநீரகம் கெட்டு, அந்த அமிலம் மூட்டுகளிலும் உள்ளுறுப்புகளிலும் படியும். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் வைத்து இதைத் தடுக்க முடியாது. மேலே மூடிய, எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரமுள்ள கூண்டு வேண்டும். அதில் மண்ணும் மணலும் கலந்து இரண்டடி ஆழத்துக்கு நிரப்புங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதம் போதும். உடும்புப்பிடி என்று பேர் வாங்கிய நகங்கள் அவை. செய்தித்தாளில் எதைத் தோண்டும்? பெண்ணாக இருந்தால் மண் இன்னும் அவசியம், முட்டையிட இடமில்லாமல் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும்.

இனி உணவு. காட்டில் இது பெரும்பாலும் வெட்டுக்கிளி, வண்டு, மரவட்டை, நத்தை தின்று வாழ்வது. ஓடியாட வழியில்லாத உடம்புக்குச் சுண்டெலிக் கொழுப்பு நேரே ஈரலில் போய்ச் சேரும். வளர்ப்புக் கரப்பான், வெட்டுக்கிளி, மண்புழு, நத்தை என்று மாற்றி மாற்றி வாரம் இரண்டு மூன்று நாள் கொடுங்கள். பூச்சிகளுக்கு முதல் நாள் நன்றாகத் தீனி போட்டு, கால்சியம் பொடி தூவி விடுங்கள். இடுக்கியில் நீட்டாமல் மண்ணில் சிதறவிட்டால் தேடித் தின்னும். சுண்டெலி எப்போதாவது ஒன்று போதும். மெலியட்டும் என்று பட்டினி போடாதீர்கள், கொழுத்த ஈரல் அதில் இன்னும் மோசமாகும்.

இதற்கிடையே ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். விரல் மூட்டு வீங்கியிருந்தாலோ பின்னங்காலை இழுத்து நடந்தாலோ இன்றைக்கே போக வேண்டும்.

புதுக் கூண்டில் விட்டதும் அது மண்ணுக்குள் போய் இரண்டு மூன்று நாள் கண்ணில் படாமல் இருக்கலாம். பதறித் தோண்டி வெளியே எடுக்காதீர்கள்.