மகள் படிக்க வெளியூர் போகிறாள். என் வேலை முடிந்துவிட்டதா?

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். இன்னும் இரண்டு மாதத்தில் மேற்படிப்புக்காகத் தொலைவிலுள்ள ஊருக்குப் போய் விடுதியில் தங்கப்போகிறாள். பிறந்தது முதல் அவளை ஜெபத்தில் வளர்த்தோம்; ஞாயிறு பள்ளி, வசன மனப்பாடம், இரவில் குடும்ப ஜெபம் என்று எதையும் விட்டதில்லை. ஆனால் ஓர் ஆண்டாகக் குடும்ப ஜெபத்தில் அவள் வாய் திறப்பதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அம்மா, நான் உண்மையாகவே விசுவாசிக்கிறேனா, இல்லை, நீங்கள் விசுவாசிப்பதால் நானும் விசுவாசிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை" என்றாள். வாரந்தோறும் ஆலயத்துக்குப் போவதாக வாக்குக் கொடுத்தால்தான் கல்லூரிக் கட்டணம் கட்டுவேன் என்கிறார் என் கணவர். எனக்கோ, 17 ஆண்டுகள் கையிலிருந்தும் கொடுக்கவேண்டியதைக் கொடுத்து முடிக்கவில்லையே என்று நெஞ்சு அடைக்கிறது. அவள் புறப்படும் நாளில் ஒரு வேதாகமமும் ஒரு கடிதமும் கொடுக்க நினைக்கிறேன். கடிதத்தில் என்ன எழுதுவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் துக்கச் செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் பலமுறை வாசித்தேன். விசுவாசம் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கும் குரல் யாருடையது என்றுதான் கேட்கிறாள். அந்தக் கேள்வியை உங்களிடமே கொண்டுவந்திருக்கிறாள் என்பதை முதலில் கவனியுங்கள். அம்மாவிடம் சொன்னால் வீடு இடிந்துவிடாது என்ற நம்பிக்கை இருக்கும் பிள்ளைதான் இதைச் சொல்லும். அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்தது நீங்கள் வளர்த்த வளர்ப்பு.

இதே கேள்வி வேதாகமத்தில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் நடந்திருக்கிறது. சாமுவேலை நீங்கள் நன்றாக அறிவீர்கள்; ஞாயிறு பள்ளியில் உங்கள் மகளும் அந்தக் கதையைப் படித்திருப்பாள். பால்மறந்த நாள் முதல் சீலோவில் கர்த்தருடைய ஆலயத்திலேயே வளர்ந்தவன், ஆசாரியர் அணியும் சணல்நூல் ஏபோத்து என்ற உடையைத் தரித்துப் பணிவிடை செய்தவன், ஆலயத்தின் கதவுகளைத் திறந்தவன், தேவனுடைய பெட்டி இருந்த இடத்திலேயே படுத்துறங்கியவன். அப்படிப்பட்டவனைப் பற்றி முதலாம் சாமுவேல் 3ஆம் அதிகாரத்தின் 7ஆம் வசனம், "சாமுவேல் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான்" என்று சொல்லுகிறது. இதைக் குற்றமாக அங்கே யாரும் எழுதிவைக்கவில்லை. அவனுடைய தாயின் பொருத்தனையையோ, அவனை வளர்த்த ஆசாரியர் ஏலியின் போதனையையோ குறைகூறவும் இல்லை. ஆலயத்துக்குள் வளர்வது ஒன்று, கர்த்தர் பெயர் சொல்லி அழைப்பதைத் தானே கேட்பது வேறொன்று என்று மட்டும் அந்த வசனம் அமைதியாகச் சொல்லுகிறது.

அழைப்பு வந்த இரவில் நடந்ததைப் பாருங்கள். கர்த்தர் கூப்பிட்டார், சாமுவேல் ஏலியிடம் ஓடினான். ஒருமுறை அல்ல, மூன்றுமுறை. தேவனுடைய குரல் அவன் காதில் பெரியவருடைய குரலாகவே விழுந்தது, ஏனென்றால் அந்த இடத்தில் அதுவரை அவனைப் பெயர் சொல்லி அழைத்தவர் ஏலிதான். பக்தியுள்ள வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கெல்லாம் இந்தக் குழப்பம் உண்டு. "தேவன் சொல்லுகிறார்" என்று அவர்கள் கேட்டதெல்லாம் அம்மாவின் குரலில், அப்பாவின் குரலில் கேட்டவையே. ஒரு வயதில் அந்த இரண்டு குரல்களும் பிரிந்தாகவேண்டும். பிரியும்போது பெற்றவர்களுக்கு வலிக்கிறது, பிள்ளைக்கும் பயமாக இருக்கிறது. இரண்டும் இப்போது உங்கள் வீட்டில் நடக்கின்றன.

ஏலி செய்ததுதான் உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் ஆலோசனை முழுவதும். அவர் சாமுவேலைத் தம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளவில்லை. தாமே எழுந்து அவனோடு போய், குரல் வருகிறதா என்று காத்திருக்கவும் இல்லை. "நீ போய்ப் படுத்துக்கொள், உன்னைக் கூப்பிட்டால், அப்பொழுது நீ: கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன் என்று சொல்" என்றார். ஒரே ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்து, அவனைத் தனியாகத் திருப்பி அனுப்பினார். தம் சொந்த வீட்டில் பல காரியங்களில் தவறிய அந்த முதியவர், இந்த இரவில் ஒரு மூத்தவர் செய்யவேண்டியதைச் சரியாகச் செய்தார். மறுநாள் காலையில், கர்த்தர் சொன்னதை மறைக்காமல் சொல் என்று கேட்டு, தம் குடும்பத்தைப் பற்றிய கடினமான வார்த்தைகளைக் கூட ஒரு சிறுவனின் வாயிலிருந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சாமுவேல் சொல்லப் பயந்தான் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. உங்கள் மகளும் இன்னும் சொல்லாத சிலவற்றை வைத்திருக்கலாம். அவள் புறப்படுவதற்கு முன்னால் இந்த இரண்டு மாதத்தில் ஒரு மாலை அவளோடு உட்கார்ந்து, பதில் சொல்லும் அவசரமில்லாமல் கேளுங்கள். எந்த இடத்தில் சந்தேகம் வந்தது, யார் சொன்ன எது அவளைப் புண்படுத்தியது, ஜெபத்தில் வாய் திறக்காத அந்த நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் உங்களிடம் பதில் இருக்காது. அதையும் அவளிடம் சொல்லலாம்.

"கொடுத்து முடிக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளி ஆண்டு முடிவதற்குள் பாடத்திட்டத்தை முடிக்கவேண்டும் என்பதுபோல விசுவாசத்தையும் நினைத்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. சாமுவேலின் தாய் அன்னாளுக்குக் கிடைத்தது சில ஆண்டுகள் மட்டுமே. பால்மறந்த குழந்தையைச் சீலோவில் விட்டுவிட்டு அவள் வீடு திரும்பினாள். எந்தச் சூழலில் விட்டாள் என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. அந்த இடத்தில் ஏலியின் குமாரர்களான ஓப்னியும் பினெகாசும் இருந்தார்கள். காணிக்கையை அவமதித்தவர்கள், ஆசரிப்புக் கூடார வாசலிலேயே கேடாக நடந்தவர்கள். விடுதியில் எப்படிப்பட்ட சேர்க்கை அமையுமோ என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள் என்றால், அன்னாளின் மகனுக்கு அமைந்த சேர்க்கை அதைவிட நல்லதென்று சொல்லமுடியாது. பிள்ளை அதன் நடுவிலேதான் வளர்ந்தான். கர்த்தருக்கும் மனுஷருக்கும் பிரியமாக நடந்துகொண்டான்.

அன்னாள் என்ன செய்துகொண்டிருந்தாள்? ஆண்டுதோறும் பலி செலுத்த வரும்போதெல்லாம் அவனுக்கு ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக்கொண்டு வந்தாள். இந்த ஒரு வரிக்காக நான் பலமுறை தேவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். தைக்கிற நாளில் பிள்ளை எதிரில் இல்லை, அளவெடுக்க முடியாது. இந்த ஓராண்டில் தோள் எவ்வளவு அகன்றிருக்கும், கை எவ்வளவு நீண்டிருக்கும் என்று மனதில் கணக்கிட்டுத்தான் அவள் துணியை வெட்டியிருக்கவேண்டும். போன ஆண்டின் அளவில் தைத்தால் சட்டை அவனுக்குச் சேராது. இனி உங்கள் அன்பும் இப்படித்தான் இருக்கவேண்டியிருக்கும். பத்து வயதில் அவளுக்குப் பொருந்திய கண்டிப்பும், பன்னிரண்டு வயதில் பொருந்திய அறிவுரையும் இப்போது அவளுக்குப் பொருந்தாது. வளர்ந்தவளாக அவளை மனதில் நினைத்துத் தைத்துக்கொண்டே இருங்கள். ஜெபமும் அந்தத் தையலில் ஒரு பகுதிதான். அவள் பெயரைச் சொல்லி, அவளுடைய இன்றைய கேள்வியைச் சொல்லி ஜெபியுங்கள்.

என் மகன் படிக்கப் போன முதல் ஆண்டில், தொலைபேசியில் நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஆலயத்துக்குப் போனாயா?" அவனும் போனேன் என்பான். அந்த ஆண்டில் அவன் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துக் கிடந்ததைப் பல மாதங்கள் கழித்து வேறொருவர் வழியாக அறிந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது, "நீங்கள் அதைக் கேட்கவில்லையே, அப்பா" என்றான். குற்றம்சாட்டும் குரலில்கூட அவன் அதைச் சொல்லவில்லை. அன்றுமுதல் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கத் தொடங்கினேன். ஆலயத்தைப் பற்றி அவனே பேசத் தொடங்க நெடுங்காலம் ஆயிற்று. ஆனால் பேசத் தொடங்கியபின் என்னிடம் உண்மையைப் பேசினான்.

உங்கள் கணவரின் நிபந்தனைக்கு வருகிறேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய அச்சமும் உங்களுடைய அச்சமும் ஒன்றுதான், வெளிப்படும் வழிதான் வேறு. இருந்தாலும் இந்த நிபந்தனை வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லுகிறேன். கட்டணத்தோடு கட்டிவைத்த ஆராதனை, அவளுக்கு முதலில் கற்றுக்கொடுக்கப்போவது பொய் சொல்வதைத்தான். போகாத வாரங்களிலும் போனேன் என்பாள், அந்தப் பொய்யின் பாரத்தால் உங்களோடு பேசுவதையே குறைத்துக்கொள்வாள். இயேசு சொன்ன உவமையில் இளைய குமாரன் ஆஸ்தியைக் கேட்டபோது தகப்பன் நிபந்தனை எழுதி வாங்கவில்லை என்பதையும், அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டான் என்பதையும் அவரிடம் நினைவூட்டுங்கள். திரும்பிவரும் வழி அடைபடாமல் இருந்ததால்தான் அந்த மகனால் எழுந்து வரமுடிந்தது.

பின்னாளில் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டினின் தாய் மோனிக்காவின் கதையையும் அவரோடு பேசிப்பாருங்கள். அகஸ்டின் 383ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரத்திலிருந்து ரோமாபுரிக்குக் கப்பலேறப் புறப்பட்டபோது, போகாதே, அல்லது என்னையும் கூட்டிக்கொண்டு போ என்று தாய் அவரை இறுகப் பிடித்துக்கொண்டார். நண்பனை வழியனுப்ப வந்திருப்பதாகப் பொய் சொல்லி, துறைமுகத்துக்கு அருகில் இரத்தசாட்சியான சிப்ரியானின் நினைவாலயத்தில் தாயை இரவு தங்கவைத்துவிட்டு, மகன் கப்பலேறிப் போய்விட்டார். தாய் அந்த இரவு முழுவதும் அழுது ஜெபித்தது அவர் போகக்கூடாது என்பதற்காகவே. ஆனால் அந்தப் பயணம்தான் அவரை ரோமாபுரி வழியாக மிலான் நகரத்துக்கும், அங்கே ஆயராக இருந்த அம்புரோசின் பிரசங்கத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது; 387ஆம் ஆண்டு ஈஸ்டர் பண்டிகையில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். அந்த இரவில் தாய் கேட்டதைத் தேவன் கொடுக்கவில்லை, எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததைக் கொடுப்பதற்காகவே அதை மறுத்தார் என்று அகஸ்டின் பின்னாளில் எழுதினார். மோனிக்கா அதே ஆண்டில், மகனின் மாற்றத்தைக் கண்ணால் கண்டபின் இறந்தார்.

எல்லாத் தாய்க்கும் அப்படிக் காணக் கிடைக்கும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" என்ற நீதிமொழியை ஒப்பந்தப் பத்திரமாக வாசிக்கக்கூடாது. அது ஞானிகள் கண்டு சொன்ன வழி. அதே சாமுவேலின் குமாரர்களே தகப்பனுடைய வழிகளில் நடக்கவில்லை என்று 8ஆம் அதிகாரம் சொல்லுகிறது. ஆகவே மகள் எப்படி நடக்கிறாள் என்பதை வைத்து உங்கள் 17 ஆண்டுகளுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

மதிப்பெண் என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும்; கடினமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தேர்வுக் காலத்தில் நம் வீடுகளில் ஜெபம் நீளுகிறது, கண்ணீரும் வருகிறது. பிள்ளையின் மனசாட்சிக்காகவும், அவள் மற்றவர்களிடம் காட்டும் இரக்கத்துக்காகவும் நம் குரல் அப்படி உடைந்ததுண்டா? எந்த விண்ணப்பத்தில் பெற்றோரின் குரல் நடுங்குகிறது என்பதைப் பிள்ளைகள் துல்லியமாகக் கேட்கிறார்கள். தேவன் எதற்காக என்பதை அதிலிருந்தே கற்றுக்கொள்கிறார்கள். "என் பிள்ளைகள் சத்தியத்திலே நடக்கிறார்கள் என்று நான் கேள்விப்படும் சந்தோஷத்திலும் அதிகமான சந்தோஷம் எனக்கு இல்லை" என்று யோவான் எழுதினார். அந்தச் சந்தோஷத்தை உங்கள் முதல் நம்பிக்கையாக வையுங்கள். சத்தியத்தைத் தேடி ஒருத்தி நேர்மையாகக் கேட்கும் கேள்வியும் சத்தியத்தில் நடப்பதன் தொடக்கம்தான் என்று நான் நம்புகிறேன்.

இனி கடிதம். பிரியும் நேரத்தில் கொடுக்கும் வாழ்த்து அட்டைகளில் பெரும்பாலும், கர்த்தருடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் எரேமியா 29:11 இருக்கும். நீங்களும் அதை எழுத நினைத்திருக்கலாம். எழுதுங்கள், ஆனால் முழு அதிகாரத்தையும் அவளோடு ஒருமுறை வாசித்துவிட்டு எழுதுங்கள். அதுவும் தொலைவில் இருந்தவர்களுக்குப் போன கடிதம்தான். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு, 70 வருஷம் ஆகும் என்று முன்வசனத்திலேயே சொல்லி, அதுவரை வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்று சொன்ன கடிதம். அந்நிய ஊரிலும் ஒருவர் வேர்விடலாம், அங்குள்ளவர்களுக்கு நன்மையாக இருக்கலாம் என்ற அந்தச் செய்தி, விடுதிக்குப் போகும் பெண்ணுக்கு நன்றாகவே பொருந்தும்.

கடிதத்தில் அறிவுரைகளைக் குறையுங்கள். அவை அவளுக்கு மனப்பாடம். அவளுக்குத் தெரியாததை எழுதுங்கள். அவள் பிறப்பதற்கு முன் நீங்கள் என்ன ஜெபித்தீர்கள், எந்த நாளில் அவளைப் பார்த்து நீங்கள் விசுவாசத்தைக் கற்றுக்கொண்டீர்கள், உங்களுக்கே சந்தேகம் வந்த காலம் எது, அதை எப்படிக் கடந்தீர்கள் என்று எழுதுங்கள். அவளைக் காயப்படுத்திய ஏதாவது ஒன்று நினைவுக்கு வந்தால் மன்னிப்புக் கேளுங்கள். அவளுடைய கேள்வியைக் கேட்டு நீங்கள் பயந்ததையும், இப்போது அதற்காக அவளை மதிப்பதையும் சொல்லுங்கள். கடைசியில் ஏலி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதி, எப்போது சொல்லவேண்டும் என்பதை அவளுக்கே விட்டுவிடுங்கள்.

வேதாகமத்தில் நீங்கள் கோடிட்டுக் கொடுக்கவேண்டாம். எங்கே கோடு போடுவது என்பதை அவள் கண்டுபிடிக்கட்டும். முதல் பக்கத்தில் அவள் பெயரையும், அவள் ஞானஸ்நானம் பெற்ற நாளையும், "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்" என்ற வசனத்தையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். அதற்குக் கீழே உங்கள் கணவர் எழுத இடம் விட்டுவையுங்கள். புறப்படும் நாளுக்குள் அவர் எழுதினால் நல்லது. எழுதாவிட்டாலும் அந்த இடம் அப்படியே இருக்கட்டும், முதல் விடுமுறைக்கு அவள் வரும்போது அவர் எழுதலாம்.