மெஸ் நோட்டின் கடைசிப் பக்கம்

கேள்வி: என் மகன் அடுத்த மாதம் குவைத்துக்கு வெல்டர் வேலைக்குப் போகிறான். 2024-இல் மங்காஃப் கட்டடத் தீயில் நம் பிள்ளைகள் இறந்ததை டிவியில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அங்கே ஒன்று என்றால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?
– ஒரு தாய், வேப்பந்தட்டை

பதில்: ரூம்காரர்கள் இருக்கிறார்கள் அம்மா. 19 வருஷம் குவைத்தில், ஜலீப் பகுதியில் கிடந்தவன் சொல்கிறேன்.

எங்கள் ரூமில் எட்டுப் பேர். ஒரு வெள்ளிக்கிழமை காலை, அறந்தாங்கிக்காரர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. கம்பெனியில் அவருக்கு 2 மாதச் சம்பளம் பாக்கி. சாயங்காலம் மெஸ் கணக்கு நோட்டைத் திருப்பிப் போட்டு, கடைசிப் பக்கத்தில் வசூல் எழுதினோம். நம் ஆட்கள் ஐந்து, பத்து தினார். எதிர் ரூம் மலையாளி 20. மாடிப்படி கூட்டும் பங்களாதேஷ்காரர் அரை தினார் நீட்டி, பேர் வேண்டாமென்று கையாட்டினார். 'படிக்கட்டு பாய்' என்று எழுதிக்கொண்டேன். எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான். அனுமதியில்லாமல் வெளியே வசூல் பண்ண அங்கே சட்டம் விடாது.

காசு சேர்ந்துவிடும். அலைக்கழிப்பது காகிதம்தான். போலீஸ், இறப்புச் சான்று, தூதரகத்தில் பாஸ்போர்ட் ரத்து, தடையில்லாச் சான்று, உடலைப் பதப்படுத்துவது, கார்கோ... அவர் ஊர் சேர 11 நாள் ஆனது. அரபி தெரிந்த டிரைவர் ஒருவர்தான் ஓடினார். அத்தனை நாளும் அவருக்குச் சம்பளம் பிடித்தார்கள். அந்த மாதம் அவரிடம் நாங்கள் மெஸ் காசு வாங்கவில்லை.

மங்காஃபில் இறந்த இந்தியர்களில் 45 பேரின் உடல்களை விமானப்படை இரண்டே நாளில் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். நாடே பார்த்த விபத்து, அதனால் அந்த வேகம். தூக்கத்தில் ஒருத்தர் போனால் ரூம்தான் ஓட வேண்டும். வழியே இல்லாதவர்களுக்குத் தூதரகத்தில் 2009 முதல் இந்திய சமுதாய நல நிதி உண்டு. ஆனால் அதைக் கேட்கவும் ஒரு ஆள் வேண்டுமே.

பையனிடம் சொல்லுங்கள்: பாஸ்போர்ட் நகல், ஒப்பந்த நகல், உங்கள் நம்பர் மூன்றும் ரூமில் இன்னொருவர் போனிலும் இருக்கட்டும். அறந்தாங்கிக்காரர் வீட்டு நம்பர் பூட்டிய போனுக்குள் மாட்டிக்கொண்டது. ஊர் மளிகைக்கடையைத் தேடிப் பிடித்துத்தான் தகவல் சொன்னோம்.

பத்தாவது தேறாதவன் என்றால் குடிபெயர்வு அனுமதியோடு 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' காப்பீடும் எடுத்தானா பாருங்கள். 2 வருஷத்துக்கு 275 ரூபாய். விபத்தில் இறந்தால் 10 லட்சம். மாரடைப்புக்குக் கிடைக்காது.

ஊறுகாய் இரண்டு பாட்டிலாகக் கொடுத்தனுப்புங்கள். ஒன்று ரூமுக்கு.