மாமா கையில கேமரா குடுத்து விடலாமா?

கேள்வி: ஆடிட்டர் சார் வணக்கம். திண்டுக்கல்ல ஒரு ஸ்டூடியோவுல ரெண்டு வருஷம் அசிஸ்டென்டா இருந்துட்டு இப்ப சொந்தமா கல்யாண ஃபோட்டோகிராஃபி ஆரம்பிக்கப் போறேன். தை முகூர்த்தத்துக்குள்ள ரெண்டு மிரர்லெஸ் கேமரா பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்), மூணு லென்ஸ், ஃபிளாஷ் எல்லாம் வாங்கணும், பட்ஜெட் ஆறு லட்சம். மாமா சிங்கப்பூர்ல இருக்கார், அங்க விலை கம்மி, நான் ஊருக்கு வரும்போது பொட்டியில போட்டு எடுத்துட்டு வர்றேன்டாங்கிறார். எனக்கு இன்னும் ஜிஎஸ்டி நம்பர் இல்ல. இதுல எது லாபம், எதுல மாட்டிக்குவேன்?

பதில்: முதல்ல பொட்டி விஷயத்தை முடிச்சிடுவோம் தம்பி. விமானத்துல கூட வர்ற லக்கேஜுக்கு இருக்கிற சலுகை சொந்த உபயோகப் பொருளுக்கு மட்டும்தான், தொழிலுக்குக் கொண்டு வர்ற சரக்குக்கு இல்ல. 2016 பேக்கேஜ் விதியில வரி இல்லாம கொண்டு வர்ற அளவு 50,000 ரூபாய்னும், அதுக்கு மேல போனா சர்சார்ஜோட சேர்த்து 38.5 சதவீதம்னும் ரொம்ப வருஷம் ஓடிச்சு. (இந்தத் தொகையை பட்ஜெட்ல மாத்துவாங்க, அதனால மாமா கிளம்புற வாரம் கஸ்டம்ஸ் சைட்டை ஒரு தடவை பாத்துக்கங்க.) அந்தக் கணக்குப்படி ரெண்டரை லட்ச ரூபா பாடி ஒண்ணு கொண்டு வந்தா ரெண்டு லட்சத்துக்கு 77,000 கட்டணும். அதுல ஒரு ரூபா கூட ஜிஎஸ்டி கிரெடிட்டா (வாங்கும்போது கட்டின வரியை நீங்க கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்கிறது) திரும்ப வராது. கட்டாம கிரீன் சேனல்ல (டூட்டி கட்ட ஒண்ணும் இல்லாதவங்க போற வழி) நடந்து வந்து மாட்டினா பறிமுதல், அபராதம்னு போகும், தை முகூர்த்தத்துக்கு கேமரா கஸ்டம்ஸ் குடோன்ல உக்காந்திருக்கும். சரி மாட்டலைன்னே வைங்க, பில்லு மாமா பேர்ல சிங்கப்பூர் டாலர்ல இருக்கும், அதை உங்க கணக்குப் புத்தகத்துல என்னன்னு எழுதுவீங்க?

ஒரு வேடிக்கை சொல்றேன். பழைய 1998 பேக்கேஜ் விதியில வெளிநாட்டுல வேலை பாத்துட்டுத் திரும்புறவங்களோட தொழில் கருவிகளுக்குன்னு தனிச் சலுகை இருந்துச்சு, தச்சர், பிளம்பர், வெல்டர், கொத்தனார்னு வரிசையா போட்டுட்டு கடைசியில கேமரா இதுல சேராதுன்னு பேர் சொல்லியே தள்ளிட்டாங்க. கேமரா புடிச்சுப் பொழைக்கிறவனை தொழிலாளியா சேத்துக்க அப்பவே மனசு வரல பாருங்க.

முறையா இறக்குமதி பண்றதுன்னா ஐஇசி கோடு (ஏற்றுமதி, இறக்குமதி பண்றவங்களுக்கான நம்பர்) எடுக்கணும், பான் நம்பரும் பேங்க் அக்கவுன்ட்டும் இருந்தா ஆன்லைன்ல 500 ரூபாய்தான். கூரியர்லயோ கார்கோவுலயோ வர்ற சரக்குக்கு உங்க பேர்ல பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸ்ல குடுக்கிற இறக்குமதிப் பத்திரம்) போடுவாங்க. இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்க: ஃபிரைட், இன்ஷூரன்ஸ் சேர்த்து சரக்கு 2,00,000, கஸ்டம்ஸ் டூட்டி ஒரு பேச்சுக்கு 10 சதவீதம்னா 20,000, அதுமேல 10 சதவீதம் சர்சார்ஜ் 2,000, ஆக 2,22,000, இந்த மொத்தத்துக்கும் 18 சதவீதம் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடுற ஜிஎஸ்டி) 39,960. இந்த 39,960 மட்டும்தான் ஜிஎஸ்டி நம்பர் இருக்கிறவருக்கு கிரெடிட்டா கிடைக்கும், 22,000 கேமரா விலையோட சேர்ந்துடும். இங்கயே டீலர்கிட்ட வாங்கினாலும் அதே 18 சதவீதம்தான், கூடவே இந்திய வாரன்டி கிடைக்கும். சிங்கப்பூர் விலையையும் இங்க உள்ள விலையையும் பக்கத்துல வெச்சு இந்த டூட்டியைக் கூட்டிப் பாத்தா மாமாவுக்கு சிரமம் குடுக்கவே தோணாது.

இப்பதான் உங்க கேள்விக்கே வர்றேன், நீங்க கேக்காம விட்ட கேள்வி அது. ஜிஎஸ்டி நம்பர் எடுக்கணுமா வேணாமா? சேவைத் தொழிலுக்கு நம்ம ஊர்ல வருஷம் 20 லட்சம் தாண்டினாதான் கட்டாயம், அதுக்குக் கீழ உங்க இஷ்டம். எல்லாரும் கேமராவுல வர்ற கிரெடிட்டைப் பாத்து நம்பர் எடுத்துடுறாங்க. ஆறு லட்சத்துக்கு வரி 1,08,000, அது ஒரு தடவை வர்ற லாபம். ஆனா நம்பர் எடுத்த நாள்லேர்ந்து ஒவ்வொரு பில்லுக்கும் 18 சதவீதம் கட்டணும். வருஷத்துக்கு பத்து லட்சம் ரூபாய்க்கு கல்யாணம் புடிக்கிறீங்க, பொண்ணு வீட்டுக்காரர் வரின்னு தனியா ஒரு பைசா தர மாட்டேன்னுட்டார்னா அந்தப் பத்து லட்சத்துக்குள்ளயிருந்தே சுமார் ஒன்றரை லட்சம் எடுத்துக் கட்டணும், வருஷா வருஷம். கல்யாண வீட்டுக்கு உங்க ஜிஎஸ்டி பில்லால ஒரு பிரயோஜனமும் இல்ல. அதே நீங்க ஜவுளிக் கம்பெனிக்கு கேட்டலாக், ஆன்லைன்ல விக்கிறவங்களுக்கு புராடக்ட் ஷூட்னு போனா அவங்க பில்லு கேப்பாங்க, அந்த வரியை அவங்க கிரெடிட் எடுத்துக்குவாங்க, அங்க நம்பர் இல்லாம உள்ளயே விட மாட்டாங்க. அதனால முதல் வருஷ கஸ்டமர் யாருன்னு பாத்து முடிவு பண்ணுங்க, நீங்க எழுதினதை வெச்சுப் பாத்தா எனக்கென்னவோ இப்ப வேணாம்னுதான் தோணுது.

எடுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா மட்டும் ஒண்ணு, நம்பர் கைக்கு வந்த பிறகுதான் கேமரா வாங்கணும். புதுசா நம்பர் எடுக்கிறவங்களுக்கு ஏற்கனவே கையில இருக்கிற ஸ்டாக்குக்கு கிரெடிட் தர வழி இருக்கு, ஆனா கேமரா மாதிரி மூலதனப் பொருளுக்கு அந்த வழி கிடையாது. என்கிட்ட ஒருத்தர் வந்தார், கேமரா வாங்கி மூணு வாரம் கழிச்சு நம்பர் எடுத்திருந்தார், பில்லைக் கையில வெச்சுக்கிட்டு கெஞ்சாத குறை, என்ன பண்றது, போனது போனதுதான். பில்லுல உங்க ஜிஎஸ்டி நம்பர் இருக்கணும், வெறும் பேர் போதாது.

வருமான வரியில கேமராவுக்கு தேய்மானம் (பொருள் பழசாகுறதுக்காக வருமானத்துல கழிச்சுக்கிற தொகை) வருஷம் 15 சதவீதம், எடிட்டிங் கம்ப்யூட்டருக்கு 40. அக்டோபர் முதல் வாரத்துக்கு மேல வாங்கி உபயோகத்துக்குக் கொண்டு வந்தா அந்த வருஷம் பாதிதான், நீங்க தைக்கு வாங்குறதால ஏழரைதான் கிடைக்கும். (பேரைப் பாத்து பயப்படாதீங்க.) ஒரே நாள்ல ஒருத்தருக்கு 10,000-க்கு மேல ரொக்கமா குடுத்தா அந்தத் தொகைக்கு தேய்மானமே இல்ல, அதனால பேங்க் வழியா குடுங்க. வரவுல 6 இல்ல 8 சதவீதத்தை லாபம்னு உத்தேசமா காட்டுற முறையில போனா தேய்மானத்தைத் தனியா கழிக்க முடியாது, அதுலயே அடங்கிடுச்சுன்னு அர்த்தம்.

கேள்வி: கேமராவுக்கு கஸ்டம்ஸ் டூட்டி எவ்வளவுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே? - சிவகாசி வாசகர்

பதில்: அவங்க மேல தப்பில்ல. ஃபோட்டோ கேமராவா வீடியோ கேமராவான்னு பாத்து டூட்டி மாறும். முன்னாடி நிறைய கேமராவுல ரெக்கார்டிங் 29 நிமிஷம் 59 செகண்ட்ல தானா நின்னுடும் ஞாபகம் இருக்கா, ஐரோப்பாவுல அரை மணி நேரம் தாண்டினா வீடியோ கேமரான்னு கூடுதல் டூட்டி போட்டதாலதான் அது. நம்ம டூட்டி விலக்கு உத்தரவுலயும் அதே 30 நிமிஷ நிபந்தனை வந்துச்சு. அதுல கேனான் கம்பெனி கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, நோட்டீஸ் குடுக்க எந்த அதிகாரிக்கு உரிமைங்கிற சண்டையா மாறி, 2021-ல கம்பெனிக்கு சாதகமா வந்த தீர்ப்பை 2024 நவம்பர்ல அதே கோர்ட் மாத்திடுச்சு. மாடல் நம்பரைச் சொல்லி கஸ்டம்ஸ் புரோக்கர்கிட்ட எழுத்துல வாங்கிக்கங்க.

கேள்வி: துபாய்ல ஒரு கல்யாணம் ஷூட் பண்ணப் போறோம். திரும்பி வரும்போது நம்ம கேமராவுக்கே டூட்டி கேப்பாங்களா, அப்படியே அங்க ஒரு ட்ரோன் வாங்கிட்டு வரலாமா?

பதில்: கேக்கலாம். போகும்போதே ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல சீரியல் நம்பரோட எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் (இங்கேர்ந்து போன பொருள்தான்னு காட்டுற அத்தாட்சி) வாங்கிடுங்க, அதுக்குன்னு ஒரு மணி நேரம் முன்னாடி போங்க, வாங்கின பில்லு காப்பியும் கையில இருக்கட்டும். ட்ரோன் வேணவே வேணாம், முழுசா செஞ்ச ட்ரோனை இறக்குமதி பண்ண 2022 பிப்ரவரியிலயே தடை போட்டுட்டாங்க, பார்ட்ஸா பிரிச்சுக் கொண்டு வந்து இங்க மாட்டிக்கலாம்னு நெனச்சீங்கன்னா அந்த செட்டும் அதே தடையில இருக்கு.