வைரசு மாறிவிட்டதாம், உண்மையா?

வாசகர் கேள்விகள். பதில் அளிப்பவர், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்.

கேள்வி: மாரி தொடங்கியதும் எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குத் தடிமனும் காய்ச்சலும் வந்துவிட்டன. இந்த நேரத்தில், இன்புளுவென்சா வைரசு உருமாறிவிட்டது, இனி மருந்தும் தடுப்பூசியும் பயன்படாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பெற்றோர் என்னிடம் கேட்கிறார்கள். என்ன சொல்வது?
— ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: அந்தச் செய்தியின் முதற்பாதி எந்த ஆண்டில் அனுப்பினாலும் உண்மையாகவே இருக்கும். பிற்பாதிக்குத்தான் ஆதாரம் வேண்டும். இன்புளுவென்சா ஏ வைரசின் மரபுச் செய்தி எட்டுத் தனித் துண்டுகளில் ஏறத்தாழ 13,500 எழுத்துகளாக எழுதப்பட்டிருக்கிறது. வைரசு பெருகும்போது இவற்றைப் படியெடுக்கும் நொதியத்துக்கு, எழுதியதைச் சரிபார்த்துத் திருத்தும் ஆற்றல் இல்லை. ஆதலால் ஒவ்வொரு நோயாளியின் உடலிலும் எழுத்துப் பிழைகள் தோன்றிக்கொண்டேயிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை வைரசுக்கே கேடானவை அல்லது எந்த விளைவும் இல்லாதவை. மிகச் சிலவே அதற்கு ஆதாயம் தருவன.

உலகெங்கும் பரவும் பெருந்தொற்றுகளாகிய உலகத்தொற்றுகள் பெரும்பாலும் வேறு வழியில் பிறந்திருக்கின்றன. இரண்டு வகை வைரசுகள் ஒரே கலத்துள் புகுந்தால், எட்டுத் துண்டுகளும் சீட்டுக்கட்டைப் போலக் கலைந்து புதுச் சேர்க்கையாக வெளிவரலாம். 1957ஆம் ஆண்டு வைரசு பறவை வைரசிலிருந்து மூன்று துண்டுகளையும் 1968ஆம் ஆண்டு வைரசு இரண்டு துண்டுகளையும் இவ்வாறு பெற்றவையே. ஆகவே பெற்றோரிடம், எந்த இடத்தில் மாறியது, அந்த மாற்றம் என்ன செய்கிறது, அது ஆளுக்கு ஆள் பரவுகிறதா என்ற மூன்றுக்கும் விடை இல்லாத செய்தியைப் பிறருக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: 2009இல் பன்றிக்காய்ச்சல் என்று சொல்லப்பட்ட நோய் பரவியபோது, வைரசு மாறுவதை எப்படிக் கண்காணித்தார்கள்? மாற்றம் ஆபத்தானதா இல்லையா என்பதை எழுத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியுமா?
— உயிரியல் பயிலும் மாணவர், கல்முனை

பதில்: இரண்டாவது கேள்விக்கு 2009ஆம் ஆண்டே நல்ல பாடம். அவ்வாண்டு ஏப்ரலில் கலிபோர்னியாவில் இரண்டு பிள்ளைகளிடம் அந்த வைரசு முதலில் இனங்காணப்பட்டது. அம்மாத முடிவுக்குள் அதன் மரபு எழுத்துகளின் முழு ஒழுங்கு, அதாவது மரபு வரிசை, உலக ஆய்வாளர்கள் அனைவரும் பார்க்கும்படி தரவுத்தளத்தில் இடப்பட்டது. எட்டுத் துண்டுகளில் ஆறு வட அமெரிக்கப் பன்றிகளிடையே பரவிவந்த வைரசிலிருந்தும், இரண்டு ஐரோப்பிய, ஆசியப் பன்றிகளின் வைரசிலிருந்தும் வந்தவை என்பது அந்த வரிசையிலிருந்தே தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் உலகத்தொற்று என்று அறிவித்த யூன் 11ஆம் திகதிக்கு முன்பே பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் தத்தம் நோயாளிகளின் வைரசை அதனோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடத் தொடங்கியிருந்தன.

இப்போது ஓர் எழுத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். வைரசின் மேற்பரப்பிலுள்ள நியூராமினிடேசு என்ற புரதத்தில் 275ஆம் இடத்தில் இருக்க வேண்டியது இஸ்டிடின் என்னும் அமினோ அமிலம். அதைக் குறிக்கும் மூன்று எழுத்துகளில் முதலாவது, சி என்பதிலிருந்து யு என மாறினால் அங்கே டைரோசின் வந்து அமர்கிறது. அதனால், இன்புளுவென்சாவுக்குக் கொடுக்கப்படும் ஒசெல்டாமிவிர் மருந்து அந்தப் புரதத்தில் சரியாகப் பொருந்த இயலாமற் போகிறது. பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகளில் ஒன்றே ஒன்றுதான் மாறியது. 2007–2008 காலத்தில் அப்போதைய பருவகால எச்1என்1 என்னும் இன்புளுவென்சா ஏ வகை வைரசில் இதே மாற்றம் நிலைபெற்று, குறுகிய காலத்தில் உலகெங்கும் பரவியது. எனவே 2009இல் எல்லோரும் முதலில் தேடிய இடம் அதுதான். புதிய வைரசிலும் அது அவ்வப்போது தென்பட்டது, ஆனால் பெரும்பான்மையாகவில்லை. எழுத்து அதுவேயாயினும், அதைச் சூழ்ந்திருந்த வைரசு வேறு.

மற்றொன்று நோர்வேயிலிருந்து வந்தது. 2009 நவம்பரில், இறந்த இருவரிடமும் கடுமையாக நோயுற்ற ஒருவரிடமும் எடுத்த வைரசுகளில் கலங்களைப் பற்றிக்கொள்ள வைரசுக்கு உதவும் எமக்ளுட்டினின் புரதத்தின் 222ஆம் இடம் மாறியிருப்பதாக அந்நாட்டு அதிகாரிகள் அறிவித்தனர். நுரையீரலின் ஆழத்திலுள்ள கலங்களைப் பற்றிக்கொள்ளும் திறனை இம்மாற்றம் கூட்டக்கூடும் என்பதால் அச்சம் எழுந்தது இயல்பே. ஆனால் அதே நாட்டில் அதுவரை சோதிக்கப்பட்ட மற்ற நோயாளிகளிடம் அது இல்லை, அந்த மூவரிடையே தொடர்பும் காணப்படவில்லை. மாறிய வைரசு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றி வந்திருப்பதைவிட, நோய் முற்றிய நுரையீரலிலேயே தனித்தனியாகத் தோன்றியிருப்பதே பெரிதும் பொருந்துகிற விளக்கம். நோயாளியின் நிலையும் மாதிரி எடுத்த இடமும் நாளும் குறிக்கப்படாமல் வெறும் வரிசை மட்டும் கிடைத்திருந்தால், இந்த விளக்கத்துக்கு எவராலும் வந்திருக்க முடியாது. நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் அதுவே.

நோயோ தடுப்பூசியோ உடலில் உண்டாக்கிய பிறபொருளெதிரி என்னும் எதிர்ப்புப் புரதம், மாறிய வைரசை இன்னும் தடுக்கிறதா என்று அறிய, எழுத்தோடு குருதிப் பரிசோதனையும் வேண்டும். ஆய்வுகூடத் தட்டின் சிறு குழிகளில் வைரசையும், குருதியிலிருந்து பிரித்தெடுத்த தெளிநீராகிய சீரத்தையும் கலந்து, சில செங்குழியங்களை இடுவார்கள். பிறபொருளெதிரி வைரசைத் தடுத்தால் செங்குழியங்கள் அடியில் சிவப்புப் பொட்டாக இறங்கும், தடுக்காவிட்டால் குழி முழுவதும் மெல்லிய படலமாகப் பரவி நிற்கும். 2009 வைரசில் ஆண்டுதோறும் எழுத்துகள் மாறியும், தடுப்பூசியில் 2009இல் கலிபோர்னியாவில் எடுத்த ஏ/கலிபோர்னியா/7/2009 வைரசே நீடித்தது. 2016 செப்டெம்பரில்தான் அதற்குப் பதிலாக மிச்சிகனில் 2015இல் எடுத்த வைரசு பரிந்துரைக்கப்பட்டது. தோற்றத்தில் கீரியைப் போன்ற பெரெட் என்னும் விலங்கின் சீரத்தில் வேறுபாடு தெளிவாகத் தெரியாதபோதும், மனிதரின் சீரத்தில் அது தெரிந்ததே இம்முடிவுக்குக் காரணம்.

கேள்வி: காய்ச்சலோடு சென்ற என் தந்தையாரின் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தார்கள். அது எங்கே போகிறது? அதனால் அவருக்கு என்ன நன்மை?
— வாசகி, ஏறாவூர்

பதில்: பஞ்சுக்குச்சியை இளஞ்சிவப்பு நிறத் திரவம் உள்ள சிறு குழாயில் இட்டு, குச்சியை அதன் கோட்டில் முறித்து, மூடியை இறுக்கி, பெயரும் திகதியும் ஒட்டி, பனிக்கட்டிப் பொதிகளோடு குளிர்ப்பெட்டியில் வைப்பார்கள். தேசியக் கண்காணிப்புக்கெனத் தெரிந்தெடுக்கப்படும் மாதிரிகள் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குச் செல்கின்றன. எமது நாட்டின் தேசிய இன்புளுவென்சா மையம் அதுவே. அங்கே பீசிஆர் சோதனையால் வைரசின் வகை அறியப்படும். தேசிய மையங்கள் தெரிவுசெய்யும் வைரசுகள், 1952 முதல் இயங்கிவரும் உலக வலையமைப்பின் கூட்டு மையங்களுக்கு அனுப்பப்படுகின்றன. மெல்பேர்ண், லண்டன், அத்லாந்தா, தோக்கியோ, பீஜிங் ஆகிய நகரங்களில் அத்தகைய மையங்கள் உள்ளன.

உண்மையைச் சொல்வதானால், மரபு வரிசை தங்கள் தந்தையாரின் சிகிச்சையை மாற்றுவது அரிது. அது வெளியாகும் முன்பே அவர் தேறி வீட்டில் இருப்பார். அதன் பயன் அடுத்துவரும் நோயாளிகளுக்கானது. ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும் தடுப்பூசிக்குரிய வைரசுகளைத் தெரிவு செய்யும்போது, இத்தகைய மாதிரிகளே நிபுணர்களின் மேசைமேல் இருக்கின்றன.

எனக்கு இன்றும் ஆறாத ஒரு நினைவு உண்டு. கடுமையான காய்ச்சலோடு வந்த இளந்தாய் ஒருவரின் மாதிரியை நானே பொதிசெய்து அனுப்பினேன். வழியில் வாகனம் பழுதாகி நின்றதில் பனிக்கட்டி உருகிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது சோதிக்கத் தகுதியற்றது என்று திருப்பிவிட்டார்கள். குழாயில் திரவம் இருந்தது, பெயர் இருந்தது, நாங்கள் தேடிய வைரசுதான் சிதைந்துபோயிருந்தது. தூர மாவட்டங்களிலிருந்து மாதிரி குளிர்மை கெடாமல் செல்ல ஒழுங்கான போக்குவரத்து வேண்டும் என்று நான் அன்று தொடக்கம் கேட்டுவருகிறேன், இன்றும் கேட்கிறேன். கிழக்கிலிருந்து மாதிரி வராவிட்டால், இங்கே பரவும் வைரசு உலக வரைபடத்தில் இருக்காது.

கேள்வி: வாவிக்கு வரும் வெளிநாட்டுப் பறவைகளால் பறவைக்காய்ச்சல் எங்களுக்கும் வருமா? நாங்கள் வீட்டில் கோழி வளர்க்கிறோம்.
— வாசகர், வாழைச்சேனை

பதில்: காட்டு நீர்ப்பறவைகளே இன்புளுவென்சா ஏ வைரசின் இயற்கையான உறைவிடம். ஆதலால் தங்கள் எச்சரிக்கை நியாயமானது. ஆனால் பறவையிடம் நன்கு வாழும் வைரசு, மனிதரிடையே எளிதாகப் பரவுவதற்குப் பல இடங்களில் மாற வேண்டும். அவற்றுள் ஒன்று பிபி2 என்ற புரதத்தின் 627ஆம் இடம். அங்கே குளுட்டாமிக் அமிலம் போய் லைசின் வந்தால், மனித உடலில் பெருகுவது வைரசுக்கு இலகுவாகிறது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் கறவைப் பசுக்களில் எச்5என்1 என்னும் பறவைக்காய்ச்சல் வைரசு கண்டறியப்பட்ட நாள் முதல், அந்த வைரசுகளில் ஆய்வாளர் கவனித்துவரும் இடங்களுள் இதுவும் ஒன்று.

தாங்கள் செய்யக்கூடியது எளிது. குளிர்கால விருந்தாளிப் பறவைகள் தங்கும் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களில் கோழிகளை வாவிக்கரையில் மேயவிடாதீர்கள், அவற்றின் தீனியிலும் தண்ணீரிலும் காட்டுப் பறவைகள் வாய்வைக்காதபடி மூடி வையுங்கள். கரையில் பறவைகள் கூட்டமாக இறந்து கிடந்தாலோ, வீட்டுக் கோழிகள் ஓரிரு நாளில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தாலோ, கையால் தொடாமலும் கறியாக்காமலும், புதைப்பதற்கு முன்பே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். புதைத்துவிட்டால் மாதிரி எடுக்க முடியாது.