முட்டுச்சந்தில் ஒரு வீடு: இங்கிலாந்தில் வீடு வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: மில்டன் கீன்ஸ் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு சின்னக் குடியிருப்பில் வீடு பார்த்திருக்கிறோம். முட்டுச்சந்து, முப்பது வீடுகள்தான், நடுவில் பிள்ளைகள் விளையாட ஒரு புல்வெளி. 'ஃப்ரீஹோல்ட்' என்றுதான் விற்கிறார்கள். ஆனால் வருடத்துக்கு 310 பவுண்ட் 'எஸ்டேட் சார்ஜ்' கட்ட வேண்டுமாம். வீடும் மனையும் நமக்கே சொந்தம் என்றால் இந்தப் பணம் யாருக்கு, எதற்கு?
– ஒரு வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: வீடும் மனையும் உங்களுடையவை, சரி. வாசலைத் தாண்டினால் வரும் தெரு, தெருவிளக்கு, மழைநீர்க் குழாய், அந்தப் புல்வெளி இவையெல்லாம் யாருடையவை? முன்பெல்லாம் பில்டர் கட்டி முடித்ததும் இவற்றைக் கவுன்சில் ஏற்றுக்கொள்வது வழக்கம். இப்போது பல புதுக் குடியிருப்புகளில் அது நடப்பதில்லை. ஒரு நிர்வாக நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, செலவை வீட்டுக்காரர்கள் தலையில் பங்கு போட்டுவிடுகிறார்கள். இதற்காகக் கவுன்சில் டாக்ஸில் ஒரு பென்னிகூடக் குறையாது. போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கைப்படி, பெரிய பில்டர்கள் 2021-22இல் விற்ற புது வீடுகளில் 80 விழுக்காட்டுக்கு இப்படிக் கட்டணம் இருந்தது. சராசரி வருடத்துக்கு 350 பவுண்ட். அந்தக் கணக்கில் உங்கள் 310 ஒன்றும் அதிசயம் இல்லை.

அந்த 310 எதற்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். புல் வெட்டுவதற்கும் விளையாட்டுச் சாமான் பராமரிப்புக்கும் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தெருவும் கழிவுநீர்க் குழாயும் கவுன்சிலிடமும் தண்ணீர் நிறுவனத்திடமும் போகாமல் அங்கேயே தங்கிவிடப் போகின்றன என்றால் கதை வேறு. இன்று புத்தம் புதிதாக இருக்கும் தெருவுக்கு ஒரு நாள் தார் போட வேண்டி வரும். கழிவுநீரை மேலேற்றும் பம்ப் நிலையம் ஒன்று குடியிருப்பின் மூலையில் இருந்தால் அதன் மோட்டாரும் பழுதாகும். அந்தச் செலவை முப்பது வீட்டால் வகுத்துப் பாருங்கள், 310 எங்கே போய் நிற்கும் என்று தெரியும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் இதற்கு உச்சவரம்பு கிடையாது.

சொலிசிட்டரிடம் (வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வழக்கறிஞர்) இந்தக் கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தெருவைக் கவுன்சில் ஏற்றுக்கொள்ள, 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் 38ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறதா? கழிவுநீர்க் குழாய்க்கு 1991ஆம் ஆண்டு தண்ணீர்த் துறைச் சட்டத்தின் 104ஆம் பிரிவு ஒப்பந்தம் இருக்கிறதா? நாளைக்கு நீங்கள் வீட்டை விற்கும்போது நிர்வாக நிறுவனத்திடம் சான்று வாங்க வேண்டும் என்று பதிவேட்டில் நிபந்தனை உண்டா, அதற்குக் கட்டணம் எவ்வளவு?

இன்னொன்று கொஞ்சம் விவகாரமானது. இந்தக் கட்டணத்தை 'ரென்ட்சார்ஜ்' (நிலத்தோடு ஒட்டிவரும் கட்டணம்) என்று பத்திரத்தில் எழுதியிருந்தால், 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின் 121ஆம் பிரிவு குறுக்கே வரும். 40 நாள் பாக்கி விழுந்தால், உங்கள் வீட்டின் மேல் குத்தகை எழுதி வசூலிக்கும் அளவுக்கு அந்தப் பிரிவு கட்டணம் வாங்குபவருக்கு அதிகாரம் தருகிறது. நூறு வருடப் பழைய சட்டம் புத்தம் புதுக் குடியிருப்பில் வந்து உட்கார்ந்திருப்பது வேடிக்கைதான், ஆனால் கடன் கொடுக்கும் வங்கிகள் இதைச் சிரித்துவிட்டு விடுவதில்லை. 121ஆம் பிரிவு செல்லாது என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நல்ல பில்டர் மறுக்க மாட்டார்.

லீஸ்ஹோல்ட் வீட்டுக்காரர்கள் (நிலம் வேறொருவருடையதாக, நீண்ட குத்தகையில் வீடு வைத்திருப்பவர்கள்) நியாயமற்ற பராமரிப்புக் கட்டணத்தை எதிர்த்துத் தீர்ப்பாயம் போகலாம். ஃப்ரீஹோல்ட்காரர்களுக்கு அந்த உரிமை இருந்ததில்லை. 2024ஆம் ஆண்டு லீஸ்ஹோல்ட், ஃப்ரீஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது, ஆனால் அது கட்டம் கட்டமாகத்தான் அமலுக்கு வருகிறது. வாங்கும் நாளில் எது அமலில் இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்பனை அலுவலகத்தில் ஒரு சொலிசிட்டரைக் கைகாட்டுவார்கள். அவரைத்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வாரா வாரம் அதே பில்டரிடமிருந்து வேலை வரும் ஒருவர், உங்களுக்காக அந்தப் பில்டரை எவ்வளவு நெருக்கிக் கேட்பார் என்று யோசியுங்கள்.

கேள்வி: ரெடிங்கில் 320,000 பவுண்டுக்கு ஒரு வீடு முடிவாகியிருக்கிறது. எங்களுக்கு இதுதான் முதல் வீடு. சொலிசிட்டர் அனுப்பிய படிவத்தில் 'உலகில் வேறு எங்காவது வீடு உண்டா' என்று கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அப்பா விட்டுப்போன வீட்டில் என் கணவருக்குப் பங்கு உண்டு. அதை எதற்குச் சொல்ல வேண்டும்?
– ஒரு வாசகி, ரெடிங்

பதில்: சொல்லத்தான் வேண்டும். ஸ்டாம்ப் டியூட்டி கணக்கே அதில்தான் மாறுகிறது. 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதத்தில் உங்கள் 320,000க்குக் கணக்குப் போடுவோம். இருவரும் எங்குமே வீடு வைத்திருக்காதவர்கள் என்றால் முதல் 300,000க்கு வரி இல்லை, மீதி 20,000க்கு 5 விழுக்காடு, ஆக 1,000 பவுண்ட். சாதாரண விகிதம் என்றால் 6,000. இரண்டாவது வீடு என்று கணக்கானால் மொத்த விலைக்கும் கூடுதலாக 5 விழுக்காடு சேர்ந்து 22,000.

இதில் நீங்கள் எங்கே வருகிறீர்கள்? முதல் வீட்டுச் சலுகைக்கு, வாங்குபவர் யாரும் உலகில் எங்குமே வீடு வைத்திருந்திருக்கக் கூடாது. வாரிசாக வந்த பங்கும் அதில் சேரும். எனவே இருவர் பேரிலும் வாங்கினால் அந்த 1,000 பவுண்ட் கணக்கை மறந்துவிடுங்கள். கூடுதல் 5 விழுக்காட்டுக்கு வேறு அளவுகோல்: கணவரின் பங்கு 40,000 பவுண்ட் அல்லது அதற்கு மேல் பெறுமா என்று பார்ப்பார்கள். முழு வீட்டின் விலையை எடுக்க மாட்டார்கள், அவர் பங்கின் மதிப்பைத்தான். அந்தப் பங்கு பாதிக்கு மேல் போகாமல், வாரிசாக வந்து 3 வருடத்துக்குள் இருந்தால் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

'வீட்டை என் பேரில் மட்டும் வாங்கினால்?' என்று அடுத்து கேட்பீர்கள். கூடுதல் வரிக்குக் கணவன் மனைவியை ஒரே ஆளாகத்தான் பார்ப்பார்கள், அதனால் அவர் பங்கு 40,000ஐத் தொட்டால் அந்த வழி அடைபடும். தொடாவிட்டால், உங்களுக்கு எங்கும் சொத்து இருந்ததில்லை என்றால், உங்கள் பேரில் மட்டும் வாங்கி 1,000 பவுண்டோடு முடிக்கலாம். ஆனால் உங்கள் ஒருவர் சம்பளத்துக்கு மார்ட்கேஜ் கிடைக்குமா என்பதையும், கணவரின் பாதுகாப்பையும் யோசிக்க வேண்டும். ஊரில் ஒரு மதிப்பீட்டாளரிடம் அந்தப் பங்குக்கு எழுத்தில் மதிப்பு வாங்கி வையுங்கள். கிரயம் முடிந்த 14 நாளுக்குள் வரிக் கணக்குத் தாக்கலாக வேண்டும், கடைசி நேரத்தில் ஊருக்கு போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது. 'அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது' என்று உறவுக்காரர் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடப்போவது அவர் இல்லை.

கேள்வி: ஸ்விண்டனில் 1930களில் கட்டிய செமி (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டிய வீடு) ஒன்றுக்கு விலை சொன்னோம். 'எங்கள் மார்ட்கேஜ் ஆலோசகரைப் பார்த்தால்தான் உங்கள் விலையை விற்பவரிடம் சொல்வோம்' என்கிறார் ஏஜென்ட். இது சரியா? வங்கியே வீட்டைப் பார்க்க ஆள் அனுப்பும்போது சர்வே தனியாக வேண்டுமா?
– ஒரு வாசகர், ஸ்விண்டன்

பதில்: சரியில்லை. வந்த விலையை எழுத்தில், தாமதமில்லாமல் விற்பவரிடம் சொல்வது ஏஜென்டின் சட்டக் கடமை. அவர்களுடைய ஆலோசகரிடம் போகவில்லை என்பதற்காக உங்களை ஒதுக்கவும் கூடாது. பணம் இருக்கிறதா என்று அவர் சரிபார்க்கலாம், அதற்கு உங்கள் வங்கியின் கடிதம் போதும். மின்னஞ்சலில் விலையைச் சொல்லி, 'விற்பவரிடம் தெரிவித்த தேதியைச் சொல்லவும்' என்று ஒரு வரி சேருங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறிவிடும்.

விற்பவர் சரி சொன்னாலும் இங்கிலாந்தில் அது வாய்வார்த்தைதான். இரு தரப்பும் ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொண்டு, வழக்கமாக 10 விழுக்காடு முன்பணம் கைமாறும் வரை யாரும் பின்வாங்கலாம், நீங்களும்தான். அதற்குள் வேறொருவர் அதிக விலை சொன்னால் விற்பவர் அந்தப் பக்கம் சாய்வதைத் தடுக்கச் சட்டம் இல்லை. விலை முடிந்ததும் விளம்பரத்தை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வங்கி அனுப்பும் ஆள், கொடுக்கும் கடனுக்கு வீடு ஈடாகுமா என்று வங்கிக்காகப் பார்ப்பவர். சில சமயம் வீட்டுக்கே வராமல் கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடுவார்கள். 1930களின் வீட்டுக்குக் குறைந்தது லெவல் 2 சர்வே (நடுத்தர அளவுப் பரிசோதனை) எடுங்கள். பின்னால் நீட்டிக் கட்டியிருந்தாலோ, சுவரில் விரிசல் கண்ணில் பட்டாலோ இன்னும் விரிவான லெவல் 3க்குப் போங்கள். அடுப்புப் புகைபோக்கியின் கீழ்ப்பகுதியை இடித்து அறையைப் பெரிதாக்கியிருந்தால், மேலே மிச்சமிருக்கும் செங்கலை எது தாங்குகிறது என்று கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். இந்த வயது வீடுகளில் அடிக்கடி மாட்டும் சங்கதி அது.

கேள்வி: நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில் என்று சொல்லி ஹாரோவில் ஒரு வீட்டுக்கு அதிக விலை கேட்கிறார்கள். தரலாமா?
– ஒரு வாசகி, ஹாரோ

பதில்: ஏஜென்டின் விளம்பரத்தை நம்பித் தராதீர்கள். தூரத்தை வைத்து இடம் தரும் பள்ளிகளில், கடைசிப் பிள்ளைக்கு எவ்வளவு தூரத்தில் இடம் கிடைத்தது என்ற கணக்கைக் கவுன்சில் வருடா வருடம் வெளியிடும். அது நிலையாக இருக்காது. அண்ணன் அக்கா ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகள் அதிகம் வரும் வருடத்தில் வட்டம் சுருங்கும். மூன்று நான்கு வருடக் கணக்கைப் பாருங்கள். ஆரம்பப் பள்ளிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஜனவரி 15, இடைநிலைப் பள்ளிக்கு அக்டோபர் 31. கிரயம் அதற்குப் பிறகுதான் முடியும் என்றால் எந்த முகவரியை ஏற்பார்கள் என்று கவுன்சிலிடம் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

கேள்வி: இடது பக்க வேலி நம்முடையது, வலது பக்கம் அடுத்த வீட்டுக்காரருடையது என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், லெஸ்டர்

பதில்: அப்படி ஒரு சட்டமே இல்லை. ஊரில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது போல இங்கே நிலப் பதிவகத்தின் இணையதளத்தில் 7 பவுண்ட் கட்டினால் பதிவேடும், இன்னொரு 7 கட்டினால் வரைபடமும் கிடைக்கும். எல்லைக்கோட்டில் 'டி' வடிவக் குறி எந்த மனைக்குள் இருக்கிறதோ, வழக்கமாக அவர் பொறுப்பு. குறி இல்லாவிட்டால், விற்பவர் நிரப்பும் டிஏ6 படிவத்தில் வேலியை இதுவரை யார் பராமரித்தார் என்று எழுதியிருப்பார். அதே படிவத்தில் அக்கம்பக்கத்தோடு தகராறு ஏதும் உண்டா என்ற கேள்வியும் இருக்கிறது. அந்தப் பதிலை வேலியைவிடக் கவனமாகப் படியுங்கள்.