அது ஓட்டையா, மேகமா?

அன்புள்ள ஐயா,
6 அங்குலத் தொலைநோக்கி வாங்கியிருக்கிறேன். தனுசு ராசியில் இருக்கும் பர்னார்ட் 86 என்ற கரிய மேகத்தை மொட்டை மாடியிலிருந்து தேடினேன். பக்கத்திலுள்ள நட்சத்திரக் கொத்து தெரிந்தது, மேகம் தெரியவில்லை. அங்கே உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை நட்சத்திரமே இல்லாத வெற்றிடமா?
க.

அன்புள்ள க.,

இந்தச் சந்தேகம் பழைய காலத்துப் பெரிய வானியலாளர் வில்லியம் ஹெர்ஷலுக்கே இருந்தது, அவர் வானத்தில் ஓட்டை என்றுதான் நினைத்தார். பால்வீதியை வருஷக்கணக்காகப் படமெடுத்த எட்வர்ட் பர்னார்டும் ரொம்ப நாள் தயங்கினார். 1919-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 182 கரிய இடங்கள் இருந்தன. அவை ஓட்டைகள் என்றால் ஒவ்வொன்றும் நட்சத்திரக் கூட்டத்தைத் துளைத்துக்கொண்டு, சரியாகப் பூமியை நோக்கி நீளும் சுரங்கமாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு அப்படி அமையலாம், அத்தனையுமா?

அந்தப் பட்டியலிலுள்ள பர்னார்ட் 68-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் படத்தில் மை கொட்டினது போல இருக்கும் அதே இடத்தை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்தால் பின்னாலிருக்கும் நட்சத்திரங்கள் வரிசையாக வந்துவிடுகின்றன, விளிம்பில் இருப்பவை லேசாகவும் நடுவில் இருப்பவை நன்றாகவும் சிவந்து. குறுக்கே தூசி இருந்தால்தான் இப்படிச் சிவக்கும். நீல ஒளியை அது அதிகமாகத் தடுக்கிறது. இத்தனைக்கும் அந்த மேகம் நம் ஆய்வுக்கூட வெற்றிடத்தைவிட மெலிந்தது, பெரும்பகுதி ஹைட்ரஜன், எடையில் நூற்றில் ஒரு பங்குதான் தூசி, ஒவ்வொரு துகளும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் அரை ஒளியாண்டு அகலத்துக்குப் பரவியிருப்பதால் மறைத்துவிடுகிறது. வெளிச்சம் நுழையாததால் உள்ளே கிட்டத்தட்ட மைனஸ் 260 டிகிரி குளிர். அந்தக் குளிரில்தான் வாயு சுருங்கி நட்சத்திரமாக முடியும், அதனால் இவற்றை வெறும் இடம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது.

உங்கள் தொலைநோக்கியில் குறையில்லை. ஊர் வெளிச்சத்தில் வானமே சாம்பல் நிறமாகிவிடுகிறது, பின்னணியில் மங்கலான நட்சத்திரங்கள் நிறைந்திருந்தால்தானே கருப்பு எடுபடும்? விளக்குகள் இல்லாத இடத்துக்குப் போய், நிலா இல்லாத இரவில், அரை மணி நேரம் போனைப் பார்க்காமல் கண்ணைப் பழக்குங்கள். கொத்தை நடுவில் வைத்தால் அதை ஒட்டியே நட்சத்திரமில்லாத ஒரு திட்டு, அதன் விளிம்பில் ஓர் ஆரஞ்சு நட்சத்திரம். அந்த விளிம்பைத்தான் தேட வேண்டும், கருப்பை அல்ல.

அதற்கு முன் ஒன்று செய்யலாம். செப்டம்பர் மாத முன்னிரவில் திருவோணத்தின் மூன்று நட்சத்திரங்களும் உச்சிக்கு வரும். நடுவிலிருப்பதுதான் பிரகாசமானது, அதற்கு வடக்கே இருக்கும் நட்சத்திரத்திலிருந்து கொஞ்சம் மேற்கே பைனாகுலரை நகர்த்துங்கள். பர்னார்ட் 142, 143 இரண்டும் சேர்ந்து ஆங்கில 'ஈ' எழுத்து போல நிற்கும். 86-ஐவிட இது ரொம்பப் பெரியது, முதலில் இதில் பழகுங்கள்.